படத்தை எடு என்று சொல்வது யார்?

(சங்கரன்கோவிலில் நடந்த மாணவர் – இளைஞர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



எனக்கு மேடைப் பேச்சு வராது. நான் போட்டோ பிடித்துப் பிழைத்தவன். 1990-களில் இந்தப் பக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் உதவியாளாக இருந்தேன். எந்த ஸ்டுடியோ என்று கேட்காதீர்கள். முதலாளியும் இல்லை, கடையும் இல்லை. அந்தக் கடையில் ஒரு கறுப்புக் கோட்டும் ஒரு டையும் ஆணியில் தொங்கும். கோட்டுக்கு முதுகுப் பக்கம் கிழிசல், ஊக்கு குத்தித்தான் மாட்டிவிடுவோம். முன்னாடி பார்த்தால் கலெக்டர் மாதிரி இருக்கும். ஆடித்தபசு அன்றைக்குச் சுத்துப்பட்டி ஊரெல்லாம் இங்கேதான் கிடக்கும், கோட்டுக்கு வரிசை நிற்கும். பவுடர், சீப்பு, கோட்டு எல்லாம் ஓசி. படத்துக்கு மட்டும்தான் காசு.

1993 ஆடித்தபசுக்கு விசைத்தறியில் வேலை பார்க்கிற நம்ம பையன் ஒருத்தன் வந்தான். இருபது வயசு இருக்கும். நல்ல மீசை. கோட்டு போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். நான்தான் எடுத்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்னு இன்னைக்கும் சொல்லுவேன். முதலாளிக்கும் பிடித்துப்போய், பெரிசாகப் போட்டு கடை வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார். நாலு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் நாலு பேர் வந்தார்கள். சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, இவன் எந்தத் தெருக்காரன்னு தெரியுமா? கால்மேல கால் போட்டுக்கிட்டு எங்களைப் பாத்துக்கிட்டு இருக்கான்" என்றார்கள். அவ்வளவுதான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அதை எடுத்துருலே, யாவாரம் நடக்கணும்லா" என்றார். நான் எடுத்தேன். என் கையாலேதான் எடுத்தேன். அந்த இடத்தில் ஒரு கைக்குழந்தை படத்தை வைத்தேன்.

அடுத்த வாரம் அந்தப் பையன் அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான், கண்ணாடியைக் காட்ட. பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. படத்தைச் சுருட்டிக் கொடுத்தோம். முதலாளி காசு வேண்டாம் என்றுவிட்டார்.

இன்றைக்கு என்னைப் பேச அழைத்திருக்கிற தலைப்பு வாட்ஸ்அப், பேஸ்புக் முகப்புப் படம் பற்றியது. டிபி என்று சொல்லுகிறீர்களே, அது. இதில் பேச என்ன இருக்கு, பிடிச்சா வை, பிடிக்கலைன்னா எடு என்று நினைப்பவர்கள் இருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், என் தங்கச்சி மகள் போன் பண்ணுகிற வரைக்கும்.

அவள் வெளியூரில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் சிலைக்கு மாலை போட்டுவிட்டு, சிலைக்கு முன்னால் நின்று எடுத்த படத்தை டிபியாக வைத்தாள். வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பாடக் குறிப்பு, தேர்வுத் தேதி எல்லாம் அதில்தான் வரும். முதலில் ஒருத்தன், "ஓ, நீ அந்த ஆளா?" என்று கேட்டான். பிறகு இட ஒதுக்கீட்டைக் கிண்டல் பண்ணி வழக்கமான பேச்சு. அப்புறம் அவள் டிபியிலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, சாதிப் பெயரைச் சேர்த்து ஸ்டிக்கர் ஆக்கி, யாராவது எதையாவது தப்பாச் சொன்னால் அந்த ஸ்டிக்கரைப் போட ஆரம்பித்தார்கள். அவள் முகமே வசவுச் சொல் ஆகிவிட்டது. ஆசிரியர் ஒருவரிடம் சொல்லியிருக்கிறாள். "நீ ஏம்மா அந்தப் படத்தை வைக்கணும்? எடுத்துட்டா முடிஞ்சது" என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். எடுத்துவிட்டாள். மூன்று நாள் கழித்துத்தான் எனக்குச் சொன்னாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளைத்தான் திட்டினேன். "நீ ஏன் எடுத்தே? முப்பது வருசமா இயக்கத்துல இருக்கிறவன் மருமக பயந்துக்கிட்டு படத்தை எடுக்கலாமா?" என்று கத்தினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மாமா, நீங்களும் ஒரு தடவ கண்ணாடிப் பெட்டியிலருந்து எடுத்தீங்கன்னு அம்மா சொல்லிருக்கு" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை. அன்றைக்கு ராத்திரி தூங்காமல் யோசித்ததைத்தான் இன்றைக்குப் பேசுகிறேன்.

நம்மைப் பார்க்கக் கூடாது என்பதல்ல அவர்கள் ஆத்திரம். நாம் எப்படித் தெரிகிறோம் என்பதை நாமே முடிவு செய்வதுதான் ஆத்திரம். இது போனோடு வந்ததில்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் நம்ம மக்களுக்கு எட்டுத் தடை போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. பெண்கள் மேலாடை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள். 1931 ஜூனில் எட்டு பதினொன்றாக ஆனது.

ஒரு போட்டோக்காரனாக இந்தப் பட்டியலைப் படித்துப் பார்த்தேன். ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் எதையெல்லாம் சரிசெய்துகொண்டு கேமரா முன்னால் உட்காருவார்களோ, முடி, சட்டை, கோட்டு, நகை, பூ, செருப்பு, அதெல்லாம் வரிசையாக அதில் இருக்கிறது. நம் ஆள் படம் எடுத்துக்கொள்ளவே முடியாதபடி எழுதிய சட்டம் அது.

பெயருக்கும் இதே கதைதான். 1997 உங்களில் பாதிப் பேர் பிறக்காத வருசம். மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் தலைவர்கள் பெயர் இருந்த காலம். எல்லாச் சாதித் தலைவர் பெயரிலும் பஸ் ஓடியது. விருதுநகரைத் தலைமையிடமாக வைத்துப் புதிதாக ஒரு கழகம் தொடங்கி வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். பஸ்ஸை உடைத்தார்கள், கலவரம் வந்தது, உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர்கள் பெயரையும் மொத்தமாக எடுத்துவிட்டது. அன்றைக்கு நிறையப் பேர் "நல்லதுதானே, எந்தச் சாதிப் பெயரும் வேண்டாம்" என்று பாராட்டினார்கள். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. மற்ற பெயர்கள் ஓடினபோது யாருக்கும் தோன்றாத சமத்துவம், நம் பெயர் வந்ததும் தோன்றியது. "நீ எடுத்துட்டா முடிஞ்சது" என்று அந்த ஆசிரியர் சொன்னாரே, அது இந்தப் பஸ் தீர்ப்புதான்.

வடக்கே பாருங்கள். 2015 மே மாதம் மகாராஷ்டிரத்தில் ஷீர்டியில் ஒரு தலித் இளைஞரை, நர்சிங் படித்த பையனை, அடித்தே கொன்றார்கள். அவர் போன் மணியாக அம்பேத்கர் பாட்டு வைத்திருந்தார், அது ஒலித்ததில் தொடங்கிய சண்டை. 2018 மே மாதம் குஜராத்தில் தோல்காவில் ஒரு தலித் இளைஞர் பேஸ்புக்கில் தன் பெயரோடு 'சிங்' என்று சேர்த்துக்கொண்டார், அதற்கு அடி. ஒருத்தருக்குப் பாட்டு, ஒருத்தருக்குப் பெயர், என் மருமகளுக்குப் படம்.

ஆனால் குஜராத்தில் இன்னொன்றும் நடந்தது. 2017 செப்டம்பரில் காந்திநகர் பக்கம் லிம்போதரா என்ற கிராமத்தில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்களை அடித்தார்கள். அடுத்த சில நாட்களில் குஜராத் முழுக்க நம்ம பையன்கள் வாட்ஸ்அப் டிபியை மாற்றினார்கள். முறுக்கு மீசை, மேலே ஒரு கிரீடம், கீழே 'மிஸ்டர் தலித்' என்று எழுத்து. எல்லோருக்கும் ஒரே படம். யாரும் தன் முகத்தைத் தனியாகக் காட்டவில்லை, யாரும் ஒளியவும் இல்லை. யாரென்று பார்த்து அடிக்க? சொந்த முகத்தை எடுத்துவிட்டுப் பொதுப் படத்தை வைப்பது பயந்து ஒளிவதாகாது என்று எனக்குக் காட்டியது இந்தச் சம்பவம்தான். என் மருமகள் படத்தை எடுத்தபோது அவளோடு சேர்ந்து ஒரே படம் வைக்க அந்த வகுப்பில் ஒருத்தர்கூட இல்லை. அந்தத் தனிமையை விட்டுவிட்டு அவள் பயத்தைப் பற்றி நான் பேசினேன்.

பெண்பிள்ளைகள் நிலைமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம்ம தோழர்கள் சிலருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. முகத்தைப் போடாத பெண்ணை, பூப்படம், குழந்தைப்படம் வைக்கிற பெண்ணை, "அரசியல் தெளிவில்லை" என்று பேசுவது. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஒரு இளம்பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தோடு ஒட்டி பேஸ்புக்கில் போட்டார்கள். போலீசில் புகார் கொடுத்தும் படம் உடனே நீங்கவில்லை. அந்தப் பெண் உயிரை விட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் ஆளைப் பிடித்தார்கள். பெண்கள் முகத்தைப் போடவே அஞ்சுகிறார்கள் என்று இந்தியாவில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, 2017 ஜூனில் பேஸ்புக் ஒரு வசதியை இங்கேதான் முதலில் கொண்டுவந்தது. படத்தைச் சுற்றி நீலக் கோடு, ஒரு கேடயக் குறி. அடுத்தவர் அதை இறக்கிக்கொள்ளவோ பகிரவோ முடியாது. 2020 மே மாதம் கணக்கையே பூட்டுகிற வசதியும் வந்தது.

கேடயம் என்றதும் எனக்கு நம்ம ஊர்களில் கூண்டுக்குள் நிற்கிற அம்பேத்கர் சிலைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. உடைக்கிறவனை வெளியே விட்டுவிட்டு உடைபடுகிறவரைக் கம்பிக்குள் வைக்கிற ஏற்பாடு. கூண்டு அவமானம்தான். அதற்காகக் கம்பியை எடுத்துவிட்டுச் சிலையை உடைக்கக் கொடுக்க முடியுமா? கம்பியும் இருக்கட்டும், உடைக்கிறவன் மேல் வழக்கும் இருக்கட்டும் என்பதுதான் என் நிலை.

அதனால் கொஞ்சம் தொழில் பேசுகிறேன். வாட்ஸ்அப்பில் அமைப்புகளுக்குள் போய் தனியுரிமை என்பதைத் திறந்தால் உங்கள் படத்தை யார் பார்க்கலாம் என்று கேட்கும். எல்லோரும், என் தொடர்பில் உள்ளவர்கள், தொடர்பில் உள்ளவர்களில் சிலரைத் தவிர, யாருமில்லை என்று நாலு வழி. 'எல்லோரும்' என்று விட்டுவைத்தால் உங்கள் நம்பர் உள்ள எவனும் படத்தைப் பார்க்கலாம். சிலரைத் தவிர்க்கிற வழி 2022-இல்தான் வந்தது. எனக்குப் பிடித்தது அதுதான். படம் இருந்த இடத்தில் இருக்கும், வம்பு பண்ணுகிற பத்துப் பேருக்கு மட்டும் தெரியாது. பேஸ்புக்கில் இப்போதைய முகப்புப் படத்தை முழுசாக மறைக்க முடியாது, சின்ன வட்டமாக எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழைய முகப்புப் படங்கள் ஆல்பத்தில் வரிசையாகக் கிடக்கும். ஐந்து வருசத்துக்கு முந்தி வைத்த படம் இன்றைக்கும் யார் பார்வைக்கோ திறந்து கிடக்கிறது. ஒவ்வொன்றாக 'எனக்கு மட்டும்' என்று மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீங்க. ஒருத்தன் ஏற்கனவே எடுத்து வைத்துக்கொண்ட படத்தை இந்தப் பூட்டு எதுவும் திரும்ப வாங்கித் தராது. போன் திரையைப் பிடிக்க விடாவிட்டால் இன்னொரு போனால் படம் எடுப்பான்.

என் மருமகள் பண்ணின ஒரு தப்பைச் சொல்கிறேன், அவள் சம்மதத்தோடு. ஆத்திரத்தில் அந்த வகுப்புக் குழுவின் பேச்சு முழுவதையும் அழித்துவிட்டாள். ஸ்டிக்கர், வசவு, தேதி எல்லாம் போச்சு. நல்லவேளை, பக்கத்து அறைத் தோழி அவளாகவே திரைப்படம் பிடித்து வைத்திருந்தாள். படத்தை எடுப்பதற்கு முன்னால், பேச்சை அழிப்பதற்கு முன்னால், யார் அனுப்பினது, எந்த நம்பர், எந்தத் தேதி, எத்தனை மணி என்று தெரிகிற மாதிரி பிடித்து வையுங்கள். போனையும் மாற்றாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65-பி, 2024 ஜூலை முதல் வந்திருக்கிற புதிய சட்டத்தில் 63. வக்கீல் தோழர்கள் எழுதித் தருவார்கள்.

இணையத்தில் திட்டினால் வன்கொடுமைச் சட்டம் பொருந்தாது என்று ஸ்டேசனில் சொல்லுவார்கள். அப்படியே வந்துவிடாதீர்கள். பொதுப் பார்வை படும் எந்த இடத்திலும் சாதி சொல்லி இழிவுபடுத்தினால் குற்றம் என்று 1989 சட்டம் சொல்லுகிறது. இணையத்தில் போட்டதும் பொதுப் பார்வைதான் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு, நம் மக்கள் உயர்வாக மதிக்கிற மறைந்த தலைவரைச் சொல்லாலோ வேறு வழியாலோ அவமதிப்பதும் தனிக் குற்றம். அம்பேத்கர் படத்தைக் கேவலப்படுத்தி ஸ்டிக்கர் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும். இணையக் குற்றத்துக்கான உதவி எண் 1930. கோட்டு, சட்டை கூடாது என்று தடை போட்ட வருசமும் அதுதான், எண்ணை மறக்க மாட்டீர்கள்.

எடுக்கச் சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை. 2023 ஜூலையில் நீதிமன்றங்களில் காந்தி, திருவள்ளுவர் தவிர வேறு படம் கூடாது என்று உயர் நீதிமன்றத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அம்பேத்கர் படத்தை எடுப்பதா என்று வக்கீல்களும் இயக்கங்களும் கிளம்பின பிறகு, சட்ட அமைச்சர் தலைமை நீதிபதியைச் சந்தித்தார். எந்தப் படமும் அகற்றப்படாது என்று அறிவிப்பு வந்தது.

நம்ம பக்கத்துக் குற்றமும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் இங்கே பக்கத்தில் பாஞ்சாங்குளத்தில் நடந்தது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிட்டாய் வாங்க வந்த நம் பிள்ளைகளிடம் "ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குத் தர மாட்டோம், வீட்டுல போய்ச் சொல்லுங்க" என்று சொன்ன கடைக்காரன் தானே அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் பரப்பினான். பெருமைக்குப் பரப்பினது அவனுக்கே சாட்சியாகத் திரும்பியது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள், ஐந்து பேர் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று வன்கொடுமைச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நல்லது. ஆனால் அந்த வீடியோவை நாமும்தானே பரப்பினோம்? நானும் நாற்பது பேருக்கு அனுப்பினேன். அந்தப் பிள்ளைகள் முகத்தோடு. குழந்தைகளை அடையாளம் காட்டக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டம் சொல்லுகிறது. ஒரு பெண் தோழர்தான் கேட்டார், "மிட்டாய் கிடைக்காம திரும்பிப் போற முகத்தை உலகம் பூரா காட்டலாமான்னு அந்தப் பிள்ளைகள்ட்ட கேட்டியளா அண்ணே?" என்று. கேட்கவில்லை. நமக்கு ஆதாரம் கிடைத்த சந்தோசத்தில் முகம் தெரியவில்லை.

இன்னொன்று. நம்ம பையன்களிலும் அரிவாள் படம், சிங்கப் படம், ஆண்ட பரம்பரை வசனம் வைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். 2023-இல் நாங்குநேரியில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கூடப் படிக்கிற நம் பிள்ளையை வீடு புகுந்து வெட்டினார்கள். நீதிபதி சந்துரு குழு 2024-இல் அரசுக்கு அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டுகிற கயிறு, மோதிரம், பொட்டு பள்ளியில் கூடாது என்று அதில் இருக்கிறது. கையில் கயிறு கூடாது என்று பேசிவிட்டு டிபியில் கயிறு கட்டலாமா? அந்த அரிவாள் படத்தைப் பார்த்துப் பக்கத்துத் தெரு அருந்ததியப் பையன் என்ன நினைப்பான் என்று ஒரு நிமிசம் யோசித்தீர்களா? அந்தப் படங்களை எடுக்கச் சொன்னால் நான் ஆதரிப்பேன். எல்லாப் படத்தையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசில்லை.

மருமகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "படத்தைத் திரும்ப வைக்கணும்னு நான் சொல்ல மாட்டேன் தாயி, எடுத்ததையும் தப்புன்னு சொல்ல மாட்டேன். உனக்கு எப்பத் தோணுதோ அப்ப வை" என்றேன். இப்போதைக்கு அவள் டிபி வெறும் சாம்பல் வட்டம்தான். ஆனால் மனு எழுதியிருக்கிறாள். உயர்கல்வி நிறுவனங்களில் பாகுபாட்டைத் தடுக்க 2012-இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறைகள் இருக்கின்றன. இப்படிப் புகாரை விசாரிக்க ஒரு அதிகாரி இருக்க வேண்டும் என்கிறது அது. அவர் யார் என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டால் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கிறார்களாம். மனு கொடுத்து பதினெட்டு நாள் ஆகிறது, பதில் இல்லை. தோழி பிடித்து வைத்த படங்கள் மொத்தம் இருபத்தி மூன்று, அச்செடுத்து வைத்திருக்கிறோம்.

வருகிற திங்கட்கிழமை முதல்வரைப் பார்க்கப் போகிறோம். அவள், அவள் அம்மா, நான், ஒரு வக்கீல் தோழர். கூட வருகிறவர்கள் காலை ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். கல்லூரி அடையாள அட்டை இருந்தால் கொண்டு வாங்க, வாசலில் கேட்பார்கள்.